தோடம்பழ டொக்டர்

வருகிறவரிடம் டொக்டர் குணமணி முதலில் காயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மேசையிலிருக்கும் ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்து நீட்டி, “இதை உரியுங்கோ, கதைப்பம்” என்பார். மீன் விலை, தம்பலகாமத்து வெள்ளாமை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு எங்கெங்கோ போகும். கண் மட்டும் வந்தவரின் விரல்களை விட்டு நகராது.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்து அடிபட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்குமுன், உடம்பில் எவ்வளவு பழுது என்று மதிப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்து அணிவார். அடிபட்ட இடத்தைப் பார்க்காமல் அடியை மதிப்பிடமாட்டார். சரக்குக் கப்பலின் ஏணியில் அந்தச் சப்பாத்தோடுதான் ஏறுவார்.

நோவைக் கூட்டிச் சொல்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபமில்லை. “பயத்தில கூட்டிச் சொல்லுதுகள். கொஞ்சம் இருந்து கதைச்சால் தானாக் குறையும்.” நோவை மறைக்கிறவர்கள் வந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கிண்ணியா ஜெமீல் அப்படித்தான் எழுபத்தாறாம் ஆண்டு மாரியில் வந்தார். கப்பலிலிருந்து சாமான் இறக்கும் வின்ச் ஓட்டுபவர். கம்பிக்கயிறு நசுக்கிய வலக்கை ஆறி, தழும்பு மட்டும் கிடந்தது. கூடவே மனைவி நஜ்முன் நிஸா. டொக்டர் நீட்டுமுன்பே ஜெமீல் பழத்தை எடுத்து, அந்தக் கையாலேயே தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்து வைத்தார்.

“ஒரு நோவும் இல்ல டொக்டர். வின்ச்சுக்குப் போகலாம் எண்டு எழுதித் தாங்க.”

“நல்லா உரிக்கிறீங்களே!”

நஜ்முன் நிஸா முக்காட்டை இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “கொஞ்ச நாளா எங்கட ஊட்டுல இவர் தோடம்பழம் உரிச்சுப் பழகுறதுதான் டொக்டர். திண்டு திண்டு புள்ளைகளுக்கு வயித்தால போகுது.”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஜெமீலாலும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கிடையே பிளேன்டீ வந்தது. நஜ்முன் நிஸா கிளாஸைத் தொட்டதும் சூடு தாங்காமல் மேசையில் வைத்துவிட்டார். டொக்டரும் சேலைத் தலைப்பால்தான் பிடித்தார். ஜெமீலோ வலக்கையால் கிளாஸை இறுகப் பற்றியபடி, அடுத்து வரப்போகும் மாவுக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“இஞ்ச, உங்களுக்குச் சுடல்லையா?” நஜ்முன் நிஸா கிளாஸைப் பிடுங்கினார்.

ஜெமீலின் விரல்கள் சிவந்து கொப்புளித்திருந்தன. அசைவு இருந்தது, உணர்வு இல்லை.

“ஜெமீல், பிடி தளர்ந்தால் உங்களுக்குத் தெரியவராது. கீழ ஆக்கள் நிக்கினம்,” என்றார் டொக்டர்.

“இத்தனை வருசத்தில ஒருத்தருக்கும் ஒரு கீறல் படவிடல்ல நான். எனக்குக் கண் இருக்குத்தானே?”

“கண் மேல தொங்கிற சாமானைப் பாக்கவேணும். கையைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது.”

“நட்டஈடு எனக்கு வேணாம் டொக்டர். ஊட்டுல குந்திக்கிட்டு இருக்க ஏலாது. வின்ச்சுக்கார ஜெமீல் எண்டாத்தான் துறையில என்னைத் தெரியும்.”

குணமணிக்கு நெஞ்சு இளகியது. விரல்கள் நன்றாக அசைகின்றன என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகாது. மனிதர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். பேனையைத் திறந்தவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கப்பல் கட்டும் ஜெட்டியில் ஒரு பெரிய மரப்பெட்டி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழாக, தலையில் துண்டு கட்டிய இருவர் ஏதோ பேசிச் சிரித்தபடி நடந்து போனார்கள்.

“வின்ச் ஏலாது எண்டுதான் எழுதுறன். வேற வேலை தரச் சொல்லி நானே போய்க் கேப்பன்.”

கேட்டார். மேலாளரின் அறை வாசலில் பலமுறை போய் நின்று கேட்டார். கடைசியில் நட்டஈடும், கப்பல் தட்டில் நின்று வின்ச் ஓட்டுபவருக்குக் கைகாட்டும் வேலையும் ஜெமீலுக்குக் கிடைத்தன. ஆனாலும் டொக்டரை ஜெட்டியில் கண்டால் ஜெமீல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பம் செய்து அனுப்புவது நஜ்முன் நிஸா மட்டுந்தான்.

அன்று எழுதி முடித்ததும் டொக்டர் களிம்பை எடுத்தார். ஜெமீல் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். உணர்வற்ற அந்த விரல்களில் களிம்பைத் தடவிவிட்டு, பிள்ளைகளின் புண்ணுக்கு ஊதுவதுபோல, டொக்டர் குனிந்து மெல்ல ஊதினார்.