கேப்டன் லெட்ஃபோர்டு தோற்ற தேர்தல்

ஹைரம் லெட்ஃபோர்டு கேப்டன் ஆனதற்குக் காரணம் அவருடைய கூலிப்படி. கரோலினா மலையில், எங்கள் ஓடைக்கரையில், அவருக்கு ஒரு தண்ணீர்ச் சக்கர மில் இருந்தது. மக்காச்சோளம் அரைத்துக் கொடுப்பார். கூலிக்குப் பணம் கிடையாது, எட்டுப் படிக்கு ஒரு படி சோளம். மற்ற மில்காரர்கள் அந்த ஒரு படியைக் குவித்து அளப்பார்கள். ஹைரம் ஒரு குச்சியை வைத்துத் தலைதட்டித்தான் அளப்பார்.

1861இல் போர் வந்தது. பெரிய பருத்தித் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளைக் கைவிட மனமில்லாமல், நாட்டை இரண்டாக்கித் தொடங்கிய போர். எங்கள் ஓடைக்கரை ஆண்கள் ஒரு கம்பெனியாகச் சேர்ந்து அந்த முதலாளிகளின் தென்படைக்குப் போனார்கள். அதில் ஒரு தோட்ட முதலாளிகூட இல்லை. கம்பெனிக்குக் கேப்டனைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அந்தப் படையின் வழக்கம். போர் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தலைதட்டி அளப்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேப்டனாகவும் அவர் அப்படித்தான் இருந்தார். பன்றிக் கறி வந்தால் கடைசித் துண்டு அவருக்கு. காலையில் அணிவகுப்பு என்றால் மழை பெய்தாலும் அணிவகுப்பு. ஆஸா பர்லசன் என்றொரு பிடில்காரன் மட்டும் அவருக்குத் தீராத தலைவலி. எந்த அணிவகுப்புக்கும் நேரத்துக்கு வரமாட்டான். வந்தாலும் அவனுக்கு இடது காலும் வலது காலும் ஒன்றுதான்.

குளிர்காலம் முடியும்போது, ஊரிலிருந்து காலுறை கொண்டுவந்த ஒருவர் மூலம் சேதி வந்தது. ஹைரமின் மனைவி கெசையாவுக்கு மாதம் நெருங்குகிறது. இதற்கு முன் மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்தில் கெசையாவே பிழைத்தது பெரும்பாடு. இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள்.

ஹைரம் விடுப்புக் கேட்டார். கேப்டனின் மனு ரெஜிமெண்டின் கர்னலுக்குப் போனது. கர்னல் பரிந்துரை எழுதி பிரிகேட் ஜெனரலுக்கு அனுப்பினார். அவரும் பரிந்துரை எழுதி டிவிஷன் ஜெனரலுக்கு அனுப்பினார். டிவிஷன் ஜெனரல், இந்த நேரத்தில் கேப்டன்களை விடுவதற்கில்லை என்று ஒரு வரி எழுதினார். மூன்று வாரம் கழித்து அந்தக் காகிதம் ஏறின படிகளிலேயே இறங்கி ஹைரமிடம் வந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சிப்பாய்களின் செருப்பு யார் யாருக்குக் கிழிந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கென்று சேர்ந்த சிப்பாய்கள் இன்னும் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். அவர்கள் மனம் ஆறுவதற்காக, அதிகாரிகளை மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தோற்ற அதிகாரி வீட்டுக்குப் போகலாம்.

தேர்தல் ஒளிவுமறைவில்லாமல் நடந்தது. போட்டியாளர்கள் மைதானத்தில் நிற்க, பிடித்தவர் பின்னால் போய் வரிசையாக நிற்க வேண்டும். ஹைரமுக்கு எதிராக நின்றவன் ஆஸா பர்லசன். அவன் நிற்கவில்லை, நிற்க வைத்திருந்தார்கள். கம்பெனி மொத்தமும் ஹைரமின் முகத்தைப் பார்க்காமல் அவரைக் கடந்து ஆஸாவின் பின்னால் போய் நின்றது. கெசையாவின் தம்பி ஏனோக்கும் நின்றான்.

ஆஸா திரும்பிப் பார்த்தான். நேராக ஹைரமின் பின்னால் வந்து நின்றுகொண்டான். வரிசையும் அவனைத் தொடர்ந்து நகரப் பார்த்தது. கர்னலின் ஆள் அதட்டி நிறுத்தினார்.

"கேப்டனய்யா, இவனுங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. என்னை நம்பி ஒரு கோழியைக்கூட விடமாட்டானுங்க" என்றான் ஆஸா, அழாத குறையாக.

ஹைரமுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஓட்டு. ஆஸா கேப்டன் ஆனான்.

ஹைரமுக்கு நெஞ்சு எரிந்தது. தம் பங்குக் கறியை எத்தனை முறை இவர்களுக்கு விட்டுக்கொடுத்திருப்பார். தோற்றவர் என்று ஊருக்குப் போய் நிற்பதைவிட இங்கேயே வெறும் சிப்பாயாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கர்னலின் கூடாரத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். போட்டுவிட்டால் போர் முடியும்வரை அசைய முடியாது. ஏனோக் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"மச்சான், நில்லுங்க."

"வழியை விடு. நீயும் அவன் பின்னாடிதானே நின்னே?"

"நின்னேன். எல்லாரையும் நிக்க வெச்சதே நான்தான். தோத்தாத்தான் உங்களை வீட்டுக்கு விடுவானுங்க. உங்க ஜெனரலு வேற வழி வெக்கலையே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீங்களே கர்னல்கிட்ட போயி, இந்தத் தேர்தல் செல்லாதுன்னு சொல்லியிருப்பீங்க."

ஹைரம் யோசித்துப் பார்த்தார். சொல்லியிருப்பார்தான்.

"அதுக்காக ஆஸாவா? உங்களை அவன் கொன்னுடுவானேடா."

"கொல்றதுக்குத்தான் மேல மூணு பேரு இருக்காங்களே மச்சான். அதுக்குக் கேப்டன் வேறயா? அக்காகிட்ட போங்க."

ஹைரம் போனார். பிரசவத்தன்று ஓடை கரைபுரண்டு ஓடியது. மருத்துவச்சியைக் கோவேறு கழுதையில் ஏற்றி, கழுத்தளவுத் தண்ணீரில் அதை இழுத்துக்கொண்டு அக்கரையிலிருந்து அழைத்துவந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தக் கோடையில் ஒரு மேட்டின் உச்சியில் எதிரிகள் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேலே ஏறுங்கள் என்று டிவிஷன் ஜெனரல் பிரிகேடுக்குச் சொன்னார், பிரிகேட் கர்னலுக்குச் சொன்னது, கர்னல் ஆஸாவுக்குச் சொன்னார். மனு போய்வர மூன்று வாரம் பிடித்த அதே படிகளில் இந்த உத்தரவு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. ஆஸா முன்னால்தான் போனான், அதை யாரும் மறுக்கவில்லை. அவனுக்கு ஒரு கால் போயிற்று. ஏனோக்கும், அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேரும் அந்தச் சரிவிலேயே செத்துக் கிடந்தார்கள்.

நீங்கள் இருந்திருந்தாலும் அந்த உத்தரவு வந்திருக்கும் என்று ஊரில் எல்லாரும் ஹைரமைத் தேற்றினார்கள். அது உண்மைதான். அவர் ஆறவில்லை. மில்லுக்குள் சக்கரச் சத்தத்தில் உட்கார்ந்து அழுதார்.

அதன்பிறகு அந்த வரிசையில் நின்றவர்களின் வீடுகளிலிருந்து சோளம் வந்தால் அவர் கூலி எடுப்பதில்லை. விதவைகள் ரோஷப்பட்டு வற்புறுத்தினால் படியைக் காணோம் என்பார். அவர் பொய் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான். சாகும்வரை அந்தப் படி காணாமலே போய்க்கொண்டிருந்தது.

ஆஸா கட்டைக்காலோடு சாக்கைச் சுமந்து வரும்போது மட்டும் படி கிடைத்துவிடும். பல வருடம் பொறுத்துப் பார்த்த ஆஸா ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஏன் கேப்டனய்யா, ஊருக்கெல்லாம் சும்மா, எனக்கு மட்டும் கூலியா? ஒத்தக்காலோட வர்றேன்."

ஹைரம் குச்சியை எடுத்துப் படியைத் தலைதட்டினார்.

"நீ எனக்கு ஓட்டுப் போட்டவன்ல" என்றார்.

ஆஸா மாவுக்குச் சாக்கை விரித்துப் பிடித்தான்.