ஒரு விரற்கடைக் கொம்பு

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மதிலோரமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பது வரைதான் வரும், விடை தெரிந்திருந்தாலும். துணி தேய்க்கிற தொழிலுக்கு இது ஒரு குறையில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் பேசுவார்கள். நான் "சரிங்க" என்பேன். அந்த ஒரு சொல்லை வைத்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். ஆட்டுக் கொம்பு விஷயத்தில்தான் அது போதாமல் போனது.

ஆடு என் மனைவியுடையது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவளுடைய தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். திருவல்லிக்கேணியில் அவன் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆட்டோவைக் காணவில்லை. கிடைத்தால் ஆடி மாதம் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். வண்டி அடுத்த தெருவிலேயே கிடைத்தது. நிறுத்திய இடத்தை அவன்தான் மறந்துபோனான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். ஆனாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். ஒரு கறுப்புக் கிடாக்குட்டியை வாங்கி வந்து, "வளத்துக் குடுக்கா" என்று அவளிடம் விட்டுப் போனான்.

அவள் வளர்த்தாள். பகலெல்லாம் அதை என் வண்டிச் சக்கரத்தில் கட்டியிருப்பாள். மாலையில் அவிழ்த்துவிட்டால் பூக்கடைகளின் பின்னால் போய் வாடிய சரங்களைத் தின்றுவிட்டு, சுவரொட்டிகளுக்கு வரும். சுவரொட்டி விஷயத்தில் அதற்குக் கட்சி பேதம் கிடையாது. பசை புதிதாக இருந்தால் போதும். என் மனைவி அதோடு ஓயாமல் பேசுவாள். என்னிடம் பேசிப் பயனில்லை என்று கல்யாணமான வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆடாவது காதை ஆட்டும்.

அது வளர வளரக் கொம்பும் வளர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பின்னோக்கி வளைந்து, நுனி ஊசி மாதிரி இருந்தது. ஆடி நெருங்கி வந்துகொண்டிருந்தது. அவள் காலண்டர் பக்கமே பார்க்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கத் தலைவர் புதுக் கார் வாங்கினார். கறுப்புக் கார், கண்ணாடி போல் மின்னும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறைப்படி செய்கிறவர். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, காரை மதிலோரமாக நிறுத்தினார். எங்கள் ஆடு போய் அந்தக் கதவைப் பார்த்தது. கதவுக்குள் இன்னொரு கறுப்புக் கிடா நின்று இதையே முறைத்துப் பார்த்தது. எந்தக் கிடாவுக்குத்தான் பொறுக்கும்? இரண்டு அடி பின்னால் போய், ஓடி வந்து ஒரு முட்டு. கதவில் இரண்டு கோடுகள், இரட்டைக் கோடு நோட்டில் போட்டது போல.

தலைவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆட்டு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லப்பா. பிரச்சினை ஆடு கிடையாது, கொம்பு. கொம்ப எடுத்துடணும்" என்றார்.

"சரிங்க சார்."

"கொம்பு இருக்கிற எடத்துல சூடு வெச்சா அப்புறம் வளராதாம். வீடியோல காட்டினான். வெளிநாட்டுல எல்லாப் பண்ணையிலயும் அப்படித்தான் பண்றாங்க. அவன் கையில வெச்சிருந்ததும் ஏறக்குறைய உன் பெட்டி மாதிரிதான் இருந்துச்சு."

என் கரி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். அப்போது அவருடைய சட்டைதான் அதன் அடியில் இருந்தது. பருத்திக்கு ஒரு சூடு, பட்டுக்கு ஒரு சூடு என்று பழகியவன் நான். ஆட்டின் தலைக்கு என்ன சூடு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் வாய் தன்பாட்டுக்கு "சரிங்க சார்" என்றது.

அவர் போனதும் இரண்டாவது மாடி மாமி வந்தார். தெரு நாய்களுக்குச் சோறும் காக்கைக்குப் பிஸ்கட்டும் வைக்கிறவர். மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அந்த மனுஷன் சொன்னார்னு சூடு கீடு வெச்சுடாதே, புரியறதா? கொம்புக்குள்ள ரத்த ஓட்டம் இருக்கு. உடம்புச் சூட்டை அது வழியாத்தான் வெளியே விடறதாம். படிச்சுண்டுதான் வரேன். மெட்ராஸ் வெயில்ல அதுக்குக் கொம்பும் இல்லேன்னா என்ன பண்ணும் பாவம்!"

"சரிங்க மாமி."

ஆக, கொம்பை எடுப்பதாக ஒருவருக்கும் எடுக்க மாட்டேன் என்று ஒருவருக்கும் ஒரே காலையில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விஷயம் சங்கத்தின் வாட்ஸாப்புக்குப் போனது. நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் துணிகளோடு செய்தியும் வந்துவிடும். கொம்பு இயற்கையா இல்லையா என்று மூன்றாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் வாக்குவாதமாம். ஒருவர் காளைக்குக் கொம்பு எடுப்போமா என்று கேட்டு வீரம், மரபு என்றெல்லாம் எழுதினாராம். வீட்டைப் பூட்டிப்போட்டு எத்தனையோ வருடமாக அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், கொம்பை எடுக்கலாம் என்று வாக்களித்தாராம். நடுவில் யாரோ காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம் போட்டார்களாம். அதற்குத்தான் எல்லோரும் ஒருமனதாகக் கை கூப்பினார்களாம்.

வீட்டில் நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் மனைவிக்குப் பால் பூத்திலேயே செய்தி கிடைத்திருந்தது.

"கொம்ப எட்க்கச் சொல்றதுக்கு அந்தாளுக்கு இன்னா கொம்பா மொளச்சிக்கீது?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "நீ இன்னா சொன்ன?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"சரின்ட்டு வந்துகீற. தெரியும்."

அன்று சாயங்காலமே அவள் தம்பி ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்தான். "இன்னா மாமா, கெடாக்கு கொம்ப எட்க்கப் போறியாமே? வெளயாட்றியா? ஆத்தாவுக்கு வுட்ட கெடா அது. காது கிழிஞ்சாலே ஆத்தா ஒத்துக்காது, கொம்பு போனா வுடுமா? ஊனத்தக் கொண்டாந்து வெட்னன்னு வெய்யி, ஆட்டோ மறுபடியும் பூடும்."

அடுப்பருகே இருந்த என் மனைவி மெதுவாகத் திரும்பினாள். "டேய், கொம்பு போனா வெட்ட மாட்டியா?"

"வெட்டக் கூடாதுக்கா."

அவள் அவனுக்கு ஒரு தோசை அதிகமாகப் போட்டாள். மறுநாள் காலை தலைவரைத் தேடிப் போய், "சார், கொம்ப எட்துடுங்க சார். நானே புட்ச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தலைவர் மகிழ்ந்துபோனார். பாமர மக்களிடம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள் என்று குழுவில் எழுதினாராம்.

தம்பியும் சும்மா இருக்கவில்லை. நேராக மாமியிடம் போனான். கொம்பைக் காப்பாற்றுவதற்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பான் என்று மாமி எதிர்பார்க்கவில்லை. விலங்கு நல அலுவலகம் ஒன்றுக்கு மனு கொடுக்க அவரைத் தன் ஆட்டோவிலேயே அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டான். வாடகையும் வாங்கவில்லை. வெங்காயத்தைக்கூட வீட்டில் சேர்க்காத மாமி, பின் சீட்டில் உட்கார்ந்து, அவனுக்கு ஜீவகாருண்யம் பற்றிப் பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

இறங்கியதும் என்னிடம், "உன் மச்சினனுக்கு என்ன மனசு! ஆட்டு மேல எவ்வளவு பாசம் வெச்சிண்டிருக்கான்!" என்றார்.

"ஆமா மாமி, காலுலேர்ந்து தல வரிக்கும் பாசம்" என்றான் அவன், மீசையைத் துடைத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஃபேன், பில்டர் காபி. ஆட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். என் மனைவி அதைத் தூணில் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தம்பி ஆட்டோவிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் பாதுகாப்பு என்றார். மாமி வதை என்றார். தலைவர் பொதுநலம் என்றார். மாமி அந்தக் கார் அங்கே நிற்பதே விதிமீறல் என்றார். கொஞ்ச நேரத்துக்கு எல்லோரும் ஆட்டை விட்டுவிட்டுக் காரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு தலைவர் கையை உயர்த்தி, "ஆட்டுக்காரரையே கேட்டுடலாம். நீ என்னப்பா சொல்றே?" என்றார்.

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. பள்ளிக்கூடத்தில் போல எழுந்து நின்றேன். "சரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதற்குச் சரி என்பது என்று தெரியவில்லை. என் மனைவி ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பு இருந்தா ஆடியில வெட்டிடுவாங்க" என்றேன்.

நான் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை.

மாமி மெதுவாக ஆட்டோ பக்கம் திரும்பினார். "வெட்டுவாளா? யாரு? நீயா?"

"வேண்டுதல் மாமி" என்றான் தம்பி. இறங்கி நின்றான், மரியாதைக்கு.

"அடப்பாவி! என்னை உக்கார வெச்சு ஆட்டோல ஊர்வலம் விட்டது இதுக்கா? கொம்பை உடனே எடுக்கச் சொல்லுங்கோ!" என்று எழுந்தார் மாமி. உடனே, "ஐயோ, எடுத்தா அது வலியில துடிக்குமே" என்று உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "துடிச்சாலும் உயிரோட இருக்குமோல்லியோ!"

தலைவர் விரலை மடக்கி, ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார். முகம் தெளிந்தது. "ஆடி ரொம்ப தூரம் இல்ல. அவங்க மத நம்பிக்கையில நாம ஏன் தலையிடணும்? கொம்பு இருக்கட்டுமே. அதுல ரத்த ஓட்டம் வேற இருக்காம்."

"நேத்து வரைக்கும் எடுக்கணும்னேளே?"

"நீங்க எடுக்கக் கூடாதுன்னீங்களே?"

ஐந்து நிமிடத்துக்குள் தலைவர் மாமியின் பேச்சையும் மாமி தலைவரின் பேச்சையும் எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் சண்டையைத் தொடர்ந்தார்கள். வாட்ஸாப்பில் முன்பு எழுதியவை அப்படியே பயன்பட்டன, ஆள் மட்டும் மாறியிருந்தது. என் மனைவி எதையும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, ஆட்டைத் தூக்கித் தம்பியின் ஆட்டோவில் போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வுட்றா" என்றாள். அவன் வண்டியைக் கிளப்பினான். மாமி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆட்டின் பின்பாதி என் மடியில் இருந்தது.

கால்நடை டாக்டர் பசியில் இருந்தார் என்று நினைக்கிறேன். கொம்பை அடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வளந்தப்புறம் யாராவது எடுப்பாங்களா? குட்டியா இருக்கும்போது, கொம்பு மொட்டு விடறப்பவே சுட்டிருக்கணும். இப்ப உள்ள எலும்பு, ரத்தம் எல்லாம் கீது. அடியோட எடுத்தா மண்டையில ஓட்டை வுழும். சாவுறதுக்கா கூட்டினு வந்தீங்க?" என்றார்.

தம்பி, "அப்டி சொல்லு டாக்டரே" என்றான். என் மனைவி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல்தான்.

டாக்டர் அவளைப் பார்த்தார். "குத்துதுன்னா நுனிய மட்டும் எடுக்கலாம்மா. நகம் வெட்ற மாதிரி. அங்க உசுரு கெடையாது."

"எவ்ளோ?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒரு வெரக்கட."

அவள் தம்பியைப் பார்த்தாள். "கோயில் பூசாரிக்கு போன் போடு."

"அக்கா, இன்னாத்துக்குக்கா..."

"போடு."

அவன் ஸ்பீக்கரில் போட்டான். பூசாரி அப்போது எங்கோ பந்தியில் இருந்திருக்க வேண்டும். பாத்திரச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும், "நுனிதானே?" என்றார். "நுனிதானே, பரவால்ல" என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவர் எதையோ மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நுனியானா இன்னா, அடியானா இன்னா. கொறைன்னா கொறதான். ஆத்தாவுக்குக் கொறயக் குடுக்க முடியாது. வேற நல்லதா புட்ச்சினு வா."

என் மனைவி உடனே தரையில் உட்கார்ந்து ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் சின்ன ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சுலோகம் சொன்னார். ஆடு என் சட்டைப் பையிலிருந்த துணிச் சீட்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. அது தின்று முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஆகிவிட்டது. தம்பி விழுந்த துண்டுகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இதுக்காக ஒரு கெடா போச்சே" என்றான். ஆனால் அக்காவைக் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது வழியில் ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போட்டான்.

மாமி அன்று சாயங்காலம் சங்கத்துக்கு எழுதினார்: ஒரு ஜீவன் காப்பாற்றப்பட்டது. எல்லோரும் கை கூப்பினார்களாம். அமெரிக்காக்காரர் ரோஜாப்பூ போட்டாராம்.

ஆடியில் தம்பி வேறு கிடா வாங்கினான். செங்கல்பட்டுப் பக்கம் குலசாமி கோயிலுக்கு நானும் போனேன். என் மனைவி வரவில்லை, ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்றாள். அங்கே வேப்பமரத்தடியில் புதுக் கிடாவைக் கட்டியிருந்தார்கள். மாலை போட்டிருந்தார்கள். கொம்பு எங்கள் ஆட்டினுடையதைவிடப் பெரியது, திருகித் திருகி நன்றாக இருந்தது. பூசாரி காது, வால், கொம்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு கொறயும் இல்ல" என்றார். தண்ணீர் தெளித்தார்கள், அது தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னது என்றார்கள். தண்ணீர் தெளித்தால் எல்லா ஆடும் தலையை ஆட்டும். நானும் அங்கே சும்மாதான் நின்றிருந்தேன்.

தம்பி தூக்குப் பாத்திரத்தில் குழம்பு கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலில் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அது இன்னா கலரு?" என்று கேட்டாள்.

"செவலை."

"பெருசா?"

"இதவிட ஒரு சாண் ஒசரம் இருக்கும்."

பாத்திரத்தை வாங்கி மூடியைத் திறக்காமலேயே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். இரவு இருவரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். நான் அங்கேயே இலையில் கறி சாப்பிட்டுவிட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.