எச்.டி.ஆர். வந்த பிறகு எங்கள் ஊர் வானம்

கல்யாணப் படம் எடுக்கிறவனுக்குக் குறை சொல்லப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்தான் உண்டு. மலையையும் கடலையும் எடுக்கிறவனுக்கு அந்த மலையையும் கடலையும் பார்த்த அத்தனை பேரும் உண்டு. விடியுமுன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வீட்டுக்காரியின் முணுமுணுப்பையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போகும் என் இனத்தாரே, இதைப் படித்து நீங்களாவது ஆறுதல் அடையுங்கள்.

நாகர்கோவிலில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், ஞானஸ்நானம், புதுவீட்டுப் பால்காய்ப்பு எல்லாம் வயிற்றுக்கு. வயலும் மலையும் கடலும் ஆசைக்கு. பிலிம் காலத்தில் தொழில் பழகியவன் என்பதால் கேமரா என்ன தருகிறதோ அதுதான் படம் என்று இருந்துவிட்டேன். 2009 வாக்கில் என் சித்தி மகன் செல்வின் துபாய் வேலையை விட்டுவிட்டு, ஒரு லேப்டாப்போடு வந்து என்னோடு சேர்ந்தான். அந்த லேப்டாப்புக்குள் எச்.டி.ஆர். இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேமராவை ஆடாமல் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, அளவாக ஒன்று, வெளுப்பாக ஒன்று என்று மூன்று படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மூன்றையும் கலந்து, வானமும் தெரிகிற, நிழலும் தெரிகிற ஒரே படமாக ஆக்கித் தரும். அளவோடு செய்தால் நல்ல வித்தைதான். செல்வினுக்கு அப்போது அளவு என்பது தையல்காரர் சமாச்சாரம்.

இடமும் வலமும்

இராஜாக்கமங்கலம் போகிற வழியில் ஒரு வயல்வெளி. ஒரே காலை, ஒரே இடம். நான் எடுத்ததை அப்படியே பெரிதாக்கிக் கடையின் இடதுபக்கச் சுவரில் மாட்டினேன். செல்வின் தன் கைவரிசையைக் காட்டி, நெல்லைக் கண்ணைப் பறிக்கிற பச்சையாக்கி வலதுபக்கம் மாட்டினான். எது நல்லது என்று வருகிறவர்கள் சொல்லட்டும், ஜெயிக்கிற படம் கடையின் முன்பக்க போர்டுக்குப் போகட்டும் என்று ஒப்பந்தம்.

வந்தவர்கள் எல்லாரும் வலதுபக்கம்தான் நின்றார்கள். பேங்க்காரர் நின்றார், டீச்சர்கள் நின்றார்கள், கூரியர் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கவே மறந்து நின்றார். என் படத்தைப் பார்த்தவர்கள், கண்ணாடி அழுக்காக இருக்கிறது, துடைக்கலாமே என்றார்கள். போர்டைக் கழற்ற செல்வின் ஏணி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பென்ஷன் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். அவரும் வலதுபக்கம்தான் போனார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"இது ஆருக்க வயலு? யூரியா இவ்வளவு போட்டா புகையான் பூச்சி விழுந்திரும்னு உடனே போய்ச் சொல்லுங்க."

விளை பார்க்க வந்தவர்

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை விளை, அதாவது தோப்பு, விலைக்கு வந்தது. புரோக்கர் தங்கப்பன் அண்ணாச்சிக்கு குவைத்தில் ஒரு பார்ட்டி. அவருக்கு மெயிலில் அனுப்பப் படம் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். நல்ல கோடை. ஓலையெல்லாம் தூசி, தரையெல்லாம் சருகு, வானம் வெள்ளை வேட்டி மாதிரி. நான் உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் செல்வினைப் பார்த்தார்.

செல்வின் மறுபடி போய் அவனுடைய மூன்று படங்களை எடுத்துவந்து உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் சருகெல்லாம் புல்லாகிவிட்டது. வானம் கருநீலம். கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் போல இருந்தது. குவைத்துக்காரர் வேறு யாருக்கும் காட்டிவிட வேண்டாம் என்று அன்றைக்கே போன் செய்துவிட்டார். லீவு போட்டு நேரில் வந்தபோது, அண்ணாச்சி தைரியத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

குவைத்துக்காரர் ரொம்ப மரியாதையான மனிதர். விளையைச் சுற்றி நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், ஒரு தென்னையைத் தட்டிக்கூடப் பார்த்தார். செல்வின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். விற்பனை பிறகு எப்படியோ முடிந்தது என்றால் அது முழுக்க அண்ணாச்சியின் நாக்குச் சாமர்த்தியம். ஆனால் அன்றைக்குக் குவைத்துக்காரர் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னது இது:

"இதுவும் மோசமில்ல. நேரம் ஆவுதுல்லா, அந்தப் படத்துல உள்ள விளைக்குப் போவமா?"

ஒளிவட்டம்

ஒரு கிராமத்துக் கிறிஸ்தவச் சபையில் காலண்டருக்கு ஆலயத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைக் கோபுரம், நல்ல உயரம். எச்.டி.ஆரில் ஒரு வியாதி உண்டு: வெளுப்பான பொருள் கருத்த வானத்தைத் தொடுகிற இடத்தில், ஓரம் முழுக்க மங்கலாக ஒரு வெளிச்சம் விட்டுவிடும். செல்வின் தந்த படத்தில் கோபுரத்தைச் சுற்றி அப்படி ஒரு வெளிச்சம். அதை நீக்கத் தெரியவில்லையா, நீக்க மனம் வரவில்லையா என்று அவன் இன்றுவரை சொல்லவில்லை.

கமிட்டி கூடியது. பாதிப் பேர் இது கம்ப்யூட்டர் கோளாறு, திருத்த வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் இது கிருபை, கைவைக்கக் கூடாது என்றார்கள். நான் குறுக்கே புகுந்து, கலப்பில்லாமல் எடுத்த என் படத்தை நீட்டினேன். அன்று வானம் வெளுத்துக் கிடந்ததால் வெள்ளைக் கோபுரம் அதிலேயே கரைந்து, ஆலயத்துக்குக் கோபுரமே இல்லாத மாதிரி இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கமிட்டி ஒருமனப்பட்டு என் படத்தைத் தள்ளியது. பிறகு சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பழைய கணக்கெல்லாம் வெளியே வந்து, ஒருவர் எழுந்து வெளிநடப்பு செய்யவும் தயாரானார். ஓரமாக உட்கார்ந்திருந்த போதகர் ஐயா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கோபுரத்துக்கு ஒளிவட்டம் இருந்துட்டுப் போட்டும். கமிட்டிப் படம் எடுக்கும்போது ஆருக்க தலைக்கும் வராம பாத்துக்கிடுங்க."

ராணியின் கடல்

இது மட்டும் சிரிக்கிற விஷயமில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் அந்தோணி என்பவர், சவுதியில் வேலை, புது வீடு கட்டினார். ஹாலில் மாட்ட அவருடைய ஊர்க்கடலே பெரிய படமாக வேண்டும் என்றார். செல்வின் எடுத்துச் செய்து கொடுத்தான். கறுத்துத் திரண்ட மேகம், ஒவ்வொரு அலைக்கும் கத்தி மாதிரி விளிம்பு. அந்தோணிக்கு மெத்தச் சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து, அவர் மகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் படம் எடுக்க நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஹாலில் அந்தப் படம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தது. அவர் மனைவி ராணி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தோணிதான் தாழ்ந்த குரலில் சொன்னார். சுனாமியில் ராணியின் அண்ணன் போய்விட்டாராம். கடலோரம்தான் குடியிருப்பு, மீன் வாங்கக் கரைக்குப் போவதும் உண்டு. ஆனால் இந்தப் படத்துக்குக் கீழே ராணியால் ஒரு நாள்கூட உட்கார முடியவில்லையாம். ஆசைப்பட்டு மாட்டும்போது இது தனக்கும் தோன்றவில்லை என்று வருத்தப்பட்டார்.

அடுத்த முறை போகும்போது, அதே கரையை முன்பு ஒரு காலையில் நான் எடுத்திருந்த படத்தைக் கொண்டுபோனேன். கடையில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத படம். சாம்பல் நிறத் தண்ணீர், மணலில் ஏற்றி வைத்த வள்ளங்கள், ஒன்றுமே இல்லாத வானம். ராணி கிட்டத்தில் வந்து பார்த்தார். கரையோரமாகவே விரலைக் கொண்டுபோய் ஒரு வள்ளத்தின் பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணன் வலை தைக்க இருந்த இடம் இதாக்கும். இது இருக்கட்டும்."

சிதறால் பாறை

இதற்குப் பிறகு இயற்கைதான் உயர்ந்தது என்று நான் பேசித் திரிந்தேன். அதற்கும் ஒரு முடிவு வந்தது. கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற ஒரு டீச்சர், புத்தக அட்டைக்குச் சிதறால் மலையில் படம் வேண்டும் என்றார். பாறை நிழலில் இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பங்களும் தெரிய வேண்டும், வெளியே வெயிலில் கிடக்கிற தோப்பும் மலையும் தெரிய வேண்டும். நான் எடுத்தேன். சிற்பம் தெரிந்தால் வெளியே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. மலை தெரிந்தால் தீர்த்தங்கரர்கள் கரிக்கட்டை. எத்தனை விதமாகத் திருகினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார், அங்கே நின்று பார்த்தால் தனக்கு இரண்டும் தெரிகிறதே என்று. செல்வின் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்று படம் எடுத்தான். அந்தோணி வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அவன் கை தானாகவே அடங்கியிருந்தது. கலந்து முடித்த படத்தில் கல் கல்லின் நிறத்தில் இருந்தது, மலை மலையின் நிறத்தில் இருந்தது. டீச்சர் கண்ட காட்சி அப்படியே. நல்ல இயற்கையாக இருக்கிறது மக்கா என்று சொல்லிவிட்டேன், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"இயற்கையா பாத்தது கண்ணாக்கும் அண்ணே. உங்க கேமராக்கு அவ்வளவு கூறு பத்தல்ல."

முட்டத்து வானம்

ஒரு மழை விட்ட சாயங்காலம் முட்டம் பாறைகளின் மேல் வானம் கத்தரிப்பூ நிறத்தில் மாறி, கடலும் பாறையும் சேர்ந்து நிறம் மாறின. என் வாழ்க்கையில் ஒரே தடவை. ஒரே படம்தான் எடுத்தேன், எதையும் கலக்கவில்லை, கைவைக்கவில்லை. எங்கள் படக்காரர் கூட்டம் நடத்திய கண்காட்சிக்கு, இயற்கைப் பிரிவு என்று எழுதி அனுப்பினேன். திறப்பு நாளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்த் தேடினால், படம் கம்ப்யூட்டர் வேலைப் பிரிவில் தொங்கியது. பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன், பிள்ளைகள்மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, வெட்கப்பட ஒன்றும் இல்லை, இப்போது எல்லாரும் செய்கிறதுதான் என்றார். படத்தைச் சுற்றி நின்ற கூட்டமும் எந்த சாப்ட்வேர் என்றுதான் கேட்டது. செல்வின் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னான்.

"பேசாம இத நான் செஞ்சதுன்னு சொல்லிருங்க அண்ணே, உங்க பேராவது கெடாம இருக்கும்."

கேமரா தந்ததை அப்படியே கொடுத்தால் மங்கல் என்பார்கள், மூன்றைக் கலந்து கொடுத்தால் மாயம் என்பார்கள், இரண்டுக்கும் நடுவில் மெனக்கெட்டு ஒன்று கொடுத்தால் இதை என் செல்போனிலேயே எடுத்திருப்பேனே என்பார்கள்.