கட்டுங்கோ, எங்களையும் வைச்சுக் கட்டுங்கோ

நனைந்த சீமெந்தின் மணமும் காய்ந்த கட்டாக் கருவாட்டின் மணமும் ஒன்றோடொன்று கலந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்த வருடம் முழுவதும் என் பள்ளிக்கூடச் சட்டையிலும் பின்னலிலும் புத்தகப் பையிலும் அந்த மணம்தான் ஏறியிருந்தது. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டபோது, "இது பட்டினம் வளருற மணமடி" என்று நான் சொன்னேன் என்றால் அது என் கெட்டித்தனமில்லை. அம்மாவின் வாயில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னதுதான்.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்ப் பட்டினத்தின் நடுவில் பழைய பஸ் நிலையத்தையும் அதை ஒட்டியிருந்த கடை வரிசையையும் இடித்துவிட்டு, புதிய பஸ் நிலையமும் மாடிக் கடைத்தொகுதியும் கட்டத் தொடங்கி, சுற்றிவரத் தகரம் அடைத்திருந்தார்கள். தீவு மண் என்பதால் அத்திவாரத்துக்குக் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே குழிக்குள் உவர்நீர் ஊறி நின்றுவிடும். அதை இறைக்கும் பம்பின் சத்தம் எங்கள் வகுப்பறை வரைக்கும் கேட்கும். பட்டினத்துக் கழுதைகளுக்கோ கொண்டாட்டம். லொறியில் வந்து கொட்டிய மணற்குவியலில் ஏறிப் படுத்துவிட்டால், வேலையாட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் அவை அசைவதில்லை.

கழுதைகளைப் போலவே அசையாத இன்னும் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். தகர வேலிக்கு வெளியே, வீதியோரம், சாக்கு விரித்துக் கருவாடு விற்றவர்கள். ஒருவர் என் அம்மா றெஜினா. பள்ளிமுனையில் பிறந்து, கலியாணமான கையோடு வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போய், அகதி முகாமில் என்னைப் பெற்று, அங்கேயே வருடக்கணக்கில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மற்றவர் சுபைதா மாமி. எருக்கலம்பிட்டிக்காரர், போர்க்காலத்தில் ஒரேயொரு பையோடு ஊரை விட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, "என்ர மண்ணிலதான் மௌத்தாகுவன்" என்று வந்து சேர்ந்தவர். ஒருவர் கடலுக்கு அப்பாலும் மற்றவர் காட்டுக்கு அப்பாலும் கழித்த காலத்தைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டது குறைவு. மீன் விலையைப் பற்றியே பேசுவார்கள்.

முன்பு அந்த இடத்தில் கருவாடு விற்கும் பெண்களின் வரிசையே இருந்தது. வேலை தொடங்கிய சில நாட்களில், தகர வேலியில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். கட்டி முடிந்தால் எப்படியிருக்கும் என்று காட்டுகிற படம். கண்ணாடி யன்னல்கள், பச்சைப் புல், மன்னாரில் எவரும் கண்டிராத ஏதோ மரங்கள், கையில் பையோடு நடந்துபோகிற மெல்லிய உயரமான மனிதர்கள். அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாரும் நடக்கினம், ஒருத்தரும் இருக்கேல்லை, பாத்தியோ?" என்று என்னிடம் சொன்னார். பிறகு, நகரசபைக் கந்தோரிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, "ஐயா, இதுக்குள்ள நாங்கள் எங்க?" என்று கேட்டார்.

அவர் கெட்ட மனிதரல்ல. கடமைக்காகக் கடுமையாகப் பேசப் பழகிக்கொண்டவர், அவ்வளவுதான். "விளங்கிக்கொள்ளுங்கோ அம்மா, இது நவீன கட்டடம். கருவாட்டு மணம் ஒத்துவராது. உங்களுக்கெண்டு பாலத்துக்கு அங்கால ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறம்" என்றார்.

பாலத்துக்கு அங்கால் என்றால் வெறும் உவர்வெளி. பஸ் நிற்காது, நிழல் கிடையாது, காற்று எழும்பினால் மணல் கண்ணுக்குள் வந்து விழும். "அங்க ஆரு வந்து வாங்குறது? பூநாரையளோ?" என்று சுபைதா மாமி கேட்க, அந்த வரிசையே சிரித்தது. ஆனால், சிரித்த பெண்களில் பலர் அடுத்த கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வது? கந்தோர் சொன்னால் கேட்டுத்தான் பழக்கம். எஞ்சியது இவர்கள் இருவர்தான்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் இன்னொருவருடைய படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாதவர். முகாமில் ஒவ்வொரு முறையும் தலை எண்ண வரும்போது எல்லோருக்கும் முதல் போய் வரிசையில் நிற்பவர் அவர்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒருநாள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருக்கையில் அப்பா மெதுவாகத் தொடங்கினார்.

"நாங்கள் இப்பதான் வந்து சேர்ந்தனாங்கள். வந்தவுடன அரசாங்கத்தோட கொழுவினா நாளைக்கு வீட்டுத்திட்டத்தில பேரை வெட்டிப்போடுவாங்கள். சொன்ன இடத்தில போய் இருந்தா என்ன?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "ஒருக்கா எழும்பிப் போன இடத்துக்குத் திரும்பி வர எங்களுக்கு அரைவாசிச் சீவியம் போச்சுது. அந்த மனுசி சுபைதாவுக்கும் அப்படித்தான். எழும்பு எண்டாங்கள், எழும்பினம். வரிசையில நில் எண்டாங்கள், நிண்டம். இனி நான் இருக்கப்போறன். எழும்பமாட்டன்."

எங்கள் ஊரில் "உட்காருவது" என்று சொல்வதில்லை, "இருப்பது" என்றுதான் சொல்வோம். முகாமில் பிறந்த நான் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பேசுவேன். அன்றைக்குப் பிறகு "உட்காருவது" என்ற முகாம் சொல் என் வாயில் வரவேயில்லை.

வேலி இரண்டு முறை வெளிப்பக்கமாக நகர்ந்தது. இவர்களும் சாக்கை மடித்து, வேலியின் காலடியிலேயே திரும்ப விரித்தார்கள். தெற்கிலிருந்து வந்திருந்த மேசன்மாரின் பெரியவரை எல்லோரும் "பாஸ்" என்று கூப்பிடுவார்கள். மஞ்சள் தொப்பியும் வெற்றிலை வாயுமாக இருப்பார். முதல் மாதம் முழுக்க இவர்களைப் பார்த்து முகம் சுளித்தவர், அம்மா பொரித்துக் கொடுத்த நெத்தலியைத் தின்றபின் தினமும் மத்தியானம் வந்து நிற்கத் தொடங்கினார். அம்மாவுக்குச் சிங்களத்தில் மீன் பெயர்களும் இலக்கங்களும் தெரியும். அவருக்குத் தமிழில் "நல்லா இருக்கு", "காரம்" என்ற இரண்டு சொற்கள் தெரியும். அதை வைத்துக்கொண்டு இருவரும் உலகத்துக் கதையெல்லாம் பேசினார்கள். ஒரு பங்குனி வெயிலில், "அக்கே, இங்க வெயில் சரியான கூட" என்று அதற்குள் பொறுக்கிச் சேர்த்திருந்த தமிழில் சொல்லி, சீமெந்து மூடுகிற பழைய படங்கைக் கொண்டுவந்து இருவரின் தலைக்கு மேலும் கட்டிவிட்டுப் போனார்.

கட்டடம் எழும்பியது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் எழும்பியது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கில் இருந்து, ஒவ்வொரு தளமாக அது உயர்வதை அண்ணாந்து பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் காலையில், இழுவைப் பெட்டி பூட்டிய கந்தோர் உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. நாங்கள் அதை "மெசின்" என்போம். அதிலிருந்து இறங்கிய இரண்டு பேர் அம்மாவின் கூடைகளையும் மாமியின் சாக்குகளையும் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தார்கள். தராசு கை தவறித் தார்வீதியில் விழுந்தது, படிக்கற்கள் உருண்டோடின. விடுமுறை நாளாதலால் நானும் அங்கேதான் இருந்தேன். அம்மா கத்துவார், மண்ணள்ளித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகினார், மெசினின் சில்லில் கால் வைத்துப் பெட்டிக்குள் ஏறினார், கருவாட்டுச் சாக்கின் மேல் சம்மணம் கட்டி இருந்தார்.

"சாமானை ஏத்தினா ஆளையும் ஏத்தத்தானே வேணும். எடுங்கோ, போவம்."

சுபைதா மாமி என்னைப் பார்த்தார். "புள்ள, பின்னால புடிச்சுத் தள்ளு" என்றார். மாமி நல்ல பாரம். நான் தோளைக் கொடுத்துத் தள்ளி, அம்மா மேலிருந்து கையைப் பிடித்து இழுத்து, ஒருவழியாக ஏற்றினோம். பிறகு நானும் ஏறினேன்.

மெசின் ஓட்டிவந்தவர் இளம் ஆள். "இறங்குங்கோ அம்மா, எனக்கு வேலை போயிடும்" என்று கெஞ்சினார்.

"உன்னில பிழையில்லை மோனை. நீ ஓட்டு. நாங்கள் எங்கட சாமானோட வாறம்" என்றார் அம்மா.

பொம்பிளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. வீதிக்குக் குறுக்கே மெசினை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமன்னார் பஸ் வந்து பின்னால் முட்டுவதுபோல் நின்று கோண் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், ஓட்டோக்கள், ஒரு ஐஸ் லொறி. சனம் கூடிவிட்டது. பயத்தை மறைக்க வாயைத் திறந்தேன். தினமும் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்ட கூவல்தான் வந்தது.

"கட்டா! சீலா! நெத்தலி! வாங்கோ, வாங்கோ!"

பஸ் யன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண், "தங்கச்சி, அந்தச் சீலா என்ன விலை?" என்று கேட்டார். அம்மா விலை சொன்னார். வியாபாரம் தொடங்கிவிட்டது. ஆனால் நிறுக்கத் தராசில்லை.

அப்போதுதான் சனத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உடுத்திருந்த சாரத்தில் கடல்நீர் காயாமல் வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது, எங்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்; அவர் வேறு பக்கம் பார்த்தார். அப்பா எங்களை நிமிர்ந்து பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார். குனிந்து தராசை எடுத்தார். பஸ் சில்லுக்கடியில் கிடந்த படிக்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சாரத்தில் துடைத்து, அம்மாவிடம் நீட்டினார்.

"தராசு இல்லாம என்னெண்டு விக்கிறது?" என்றார். பிறகு மெசின் சில்லில் சாய்ந்துகொண்டு, எங்களுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றார். அவர் எங்கேயும் முன்னால் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கந்தோர் உத்தியோகத்தர் வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தபோது, கட்டடத்துச் சாரமரத்திலிருந்து இறங்கி வந்த பாஸ், தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி நீட்டி அதற்குள் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் பாஸை ஒருமுறை முறைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"நாளைக்குத் திறந்துவைக்கப் பெரியவர் வாறார் அம்மா. நீங்கள் என்ர நிலைமையை யோசிக்க வேணும்."

"வரட்டும். நல்ல கட்டடம் ஐயா, நான் குறை சொல்லேல்லை" என்றார் அம்மா, கையிலிருந்த கருவாட்டை நிறுத்துக்கொண்டே. "பழைய பஸ் ஸ்ராண்டில பொம்பிளையள் ஒதுங்க ஒரு இடமில்லாமல் எத்தினை நாள் அடக்கிக்கொண்டு இருந்தனாங்கள். இப்ப கட்டியிருக்கிறியள், உங்களுக்குப் புண்ணியம். இன்னும் கட்டுங்கோ. மாடிக்கு மேல மாடி கட்டுங்கோ. எங்களையும் வைச்சுக் கட்டுங்கோ."

சனத்துக்குள்ளிருந்து "அதுதானே!" என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள் வந்தன. பஸ்களின் கோண் சத்தத்துக்கு நடுவில் உத்தியோகத்தர் போனில் யாரிடமோ பேசினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார். விழா முடியும்வரை பக்கச் சுவரோரம் இருக்கலாம். அதன்பிறகு, தொகுதியின் பின்வாசலில் கருவாட்டுக்காரருக்கு ஓரிடம் தரப்படும் என்றார். "எல்லாருக்கும் முன்னால இன்னொருக்கா சொல்லுங்கோ" என்றார் சுபைதா மாமி. அவர் சொன்னார்.

முன்வாசல் கிடைக்கவில்லை. கிடைத்த பின்வாசல் இடத்துக்கு முதலில் கூரையும் இல்லை. பாஸ் ஊருக்குப் போகுமுன் கந்தோரில் கேட்டுத் தகரம் வாங்கிப் போட்டுக் கொடுத்ததுதான். அதை வெற்றி என்று சொல்லலாமா என்று பின்னாளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். பாலத்தடிக்குப் போன பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையோடு திரும்பி வந்து பின்வாசலில் இடம்பிடித்தபோது அம்மாவும் மாமியும் நெருங்கி நெருங்கி இருந்து இடம் விட்டதைப் பார்த்தவள் நான். எனக்கு அந்தக் கேள்வி இல்லை.

இப்போது அதே தொகுதியின் மேல்மாடியில் எனக்கொரு தையற்கடை இருக்கிறது. யன்னலைத் திறந்தால் பட்டினம் முழுவதும் தெரியும். பழைய பஸ் நிலையத்தின் சுண்ணாம்புச் சுவர் இல்லை, அதனடியில் நின்ற வேம்பும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்றிருந்த சோதனைச் சாவடியும் இல்லை. அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் என்னிடம் கிடையாது. போனதெல்லாம் பொன்னென்று சொல்கிறவர்கள் அங்கே வரிசையில் நின்றிருக்கமாட்டார்கள். சுபைதா மாமி இல்லை. அவர் ஆசைப்பட்டபடியே எருக்கலம்பிட்டி மண்ணில் அடங்கிவிட்டார். அவர் இல்லாதது ஒன்றுதான் எனக்குக் குறை.

பட்டினம் திரும்பவும் இடிபடப் போகிறதாம். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று, பின்வாசலை விரித்துக் கட்ட ஒரு திட்டம் வந்திருக்கிறது. போன கிழமை, அளவுநாடாவோடு ஒரு பொடியன் வந்திருந்தான். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம். பிளாஸ்ரிக் கதிரையில்தான் இருக்கிறார்.

"அம்மா, கொஞ்சம் எழும்புறியளோ? இதால அளக்க வேணும்" என்று அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் ராசா, என்னைச் சுத்தி அளவன்" என்றார்.

அவன் நாடாவை அம்மாவின் கதிரையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொண்டு போனான்.