அடக்கி வாசித்தவள்

என் அக்காவும் மாமாவும் ஜோடியாக வயலின் வாசித்தவர்கள். சுவரொட்டியில் மாமாவின் பெயர்தான் எப்போதும் முதலில் இருக்கும். கைதட்டல் மட்டும் அக்காவைத் தேடிப் போகும்.

இசைக் கல்லூரியில் மாமா அவளுக்கு மூத்தவர். விடிவதற்கு முன்பே பயிற்சி அறைக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். அக்காவுக்கு ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், கைக்கு வந்துவிடும். "நான் மாசக்கணக்கா மல்லுக்கட்டினத உங்கக்கா சும்மா நின்னுக்கிட்டே வாசிச்சுட்டா!" என்று கல்யாணத்துக்கு முன்னால் மாமா என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகும் அதையே சொன்னார். பூரிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்தான் அவர்கள் வீடு. கீழே பல் குடையும் இரைச்சல், மேலே இரண்டு வயலின். பின்னறையில் நான். ஒத்திகை நடக்கும்போது மாமாவின் குரல் அடிக்கடி கேட்கும்.

"இந்த இடத்துல கொஞ்சம் அடக்கி வாசி. என்னோடது கேக்க வேணாமா?"

"சரிங்க."

வேகமான பகுதிகளையெல்லாம் அவர் எடுத்துக்கொள்வார். நீட்டி இழுக்கும் மெதுவான பகுதிகள் அவளுக்கு. அந்த மெதுவான இழுப்பிலேயே ஜனம் சொக்கிப்போகும். ஒரு முறை பத்திரிகையில் அவளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, கடைசியில் 'கணவரும் உடன் வாசித்தார்' என்று முடித்திருந்தார்கள். மறுநாள் அந்தப் பக்கம் மடிக்கப்பட்டு நாற்காலிக் காலுக்கு அடியில் கிடந்தது.

"நாற்காலி ஆடுது" என்றார் மாமா. நான் உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு முன்னால், மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குள் தலைநகரத்துப் பெரிய அரங்கத்தின் மேலாளர் நுழைந்தார்.

"தோள் இப்ப தேவலையாம்மா?"

"எந்தத் தோள்?" என்றாள் அக்கா.

"என்னம்மா, எங்க அரங்கத்துல நீங்க மட்டும் தனியா வாசிக்கணும்னு போன வருஷம் கூப்பிட்டோமே! தோள்ல வலி, டாக்டர் வாசிக்கக் கூடாதுன்னுட்டார்னு உங்க வீட்டுக்காரர்தான் ஃபோன்ல சொன்னார்."

மாமா தன் வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நல்லா இருக்கு சார். இருந்து கேட்டுட்டுப் போங்க."

அன்று அவள் வாசித்த மாதிரி அதற்கு முன் நானும் கேட்டதில்லை. ஒத்திகை அறைச் சுவருக்குப் பின்னால் இத்தனை வருஷம் படுத்துத் தூங்கியவள் நான். மாமா துரத்திப் பார்த்தார். கழுத்தெல்லாம் வியர்வை. பாதியில் வில்லை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரங்கம் எழுந்து நின்றது. மனைவிக்கு மேடையையே விட்டுக்கொடுத்த பெருந்தன்மை என்று மறுநாள் பத்திரிகை மாமாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவர் வாழ்க்கையில் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். படித்துவிட்டுக் குமுறினார்.

ஆனால் அதற்கு முன்பே, காரில் திரும்பும்போதே பேச்சு வெடித்துவிட்டது.

"இப்படி வாசிக்கத் தெரிஞ்சுக்கிட்டு இத்தன வருஷம் ஏன் வாசிக்கல?"

"நீங்கதான அடக்கி வாசின்னீங்க."

"கொஞ்சம் அடக்குன்னேன். நீ மொத்தமா அடக்கியிருக்க!"

"கொஞ்சம் அடக்கினது உங்களுக்குப் பத்தலயே. தோள் வலின்னு சொன்னீங்க பாருங்க, அத மறக்க மாட்டேன். இனிமே நான் தனியாத்தான் வாசிப்பேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். தலைநகரத்துக்குப் போனாள், கடல் தாண்டியும் போனாள். ஊர் ஊராக அவளைக் கொண்டாடினார்கள். மாமா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிரிந்துவிடுவார்கள் என்று உறவுக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். பிரியவில்லை.

அக்காவின் கச்சேரி ரேடியோவில் வரும்போது மாமா காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்பார். எங்கேயாவது ஒரு சுரம் மயிரிழை நழுவினால் முகம் மலர்ந்துவிடும். "கேட்டியா? கேட்டியா?" என்பார் என்னிடம். கச்சேரி முடிந்த கையோடு அக்கா ஃபோன் செய்வாள். "எங்கங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க" என்பாள். ஒன்று விடாமல் சொல்வார்.

"இவருகிட்டப் போய் ஏங்கா கேக்கற?" என்றேன் ஒரு தடவை.

"மத்தவங்கள்லாம் ஆகா ஓகோங்கறாங்கடி. இந்த மனுஷன் வயித்தெரிச்சலோட கேக்கறார். ஒரு தப்பு தப்பாது."

சென்ற மாதம் ரேடியோவில் வந்தது நீளமான கச்சேரி. மாமா கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலரவே இல்லை. ஃபோன் அடித்தது.

"சொல்லுங்க" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று வைத்துவிட்டார்.

"சாப்பிட வாங்க மாமா."

"பசியில்ல" என்று சொல்லிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.