பென்னி மாட்டிய ஸ்கோப்

விம்கோ நகர் பென்னிக்கு இருபத்தேழு வருஷமாக ஒரே வேலை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் உட்கார வைப்பது. எங்காவது கோணல் என்றால் அது அடுத்தவன் செய்ததாகத்தான் இருக்கும். தன் வேலை ஒரு நூல் பிசகியதாக அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

ஆகவே மகள் ஆன்சியின் ஏர் ரைஃபிளுக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்ட வேறு ஆள் தேடும் பேச்சே எழவில்லை. துப்பாக்கியை வீட்டுப் பட்டறை மேஜையில் இறுக்கினார். எதிர்ச்சுவரில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஸ்கோப்புக்குள் தெரியும் நெட்டுக்கோட்டை அந்தக் கயிற்றோடு பொருத்தி, திருகுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். துப்பாக்கி கிளப்பில் முதல் வாரம் கிட்ட இருந்த தகட்டு இலக்கெல்லாம் குண்டு பட்டு விழுந்தது. தூரத்து இலக்கில் குண்டு இடப்பக்கமே போனது.

“உன் கைதான் ஆடுது,” என்றார்.

போகப்போகத் தூரத்து இலக்கும் விழ ஆரம்பித்தது. கை அடங்கிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள், ஆன்சி காலேஜ் போயிருந்தாள். துப்பாக்கியைத் துடைக்க அதே மேஜையில் இறுக்கியவர், சும்மா ரசமட்டத்தை அதன் மேல் வைத்தார். குமிழி ஓரத்தில் போய் நின்றது. அன்று ஸ்கோப்பை நேராக்கியவர் துப்பாக்கியை மட்டம் பார்க்கவே இல்லை. துப்பாக்கி சாய்ந்திருந்தால் கிட்டத்தில் தெரியாது, தூரம் போகப்போகத்தான் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். தான் போட்ட மேஜை சாய்ந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பென்னிக்கு வெட்கமாகிவிட்டது. மகளிடம் சொல்லலாம். சொல்லாமலும் சரிசெய்யலாம். துப்பாக்கியை மட்டம் வைத்து, ஸ்கோப்பைத் திருப்பி மாட்டி, மொட்டைமாடியில் நாலு குண்டு சுட்டுப் பார்த்து, உறையில் போட்டுவிட்டார்.

மறுநாள் தேர்வுப் போட்டியில் ஒத்திகைச் சூடு கிடையாது. முதல் இரண்டு தூரத்து இலக்குக்கு ஆன்சி சுட்ட குண்டுகள் வலப்பக்கம் தப்பிப் போயின. அவள் துப்பாக்கியை இறக்கித் திரும்பினாள்.

“ஸ்கோப்ப தொட்டியாப்பா?”

கோச் உச்சிமாகாளி உட்பட எல்லோரும் பென்னியைப் பார்த்தார்கள்.

“நேத்து நேராக்கினேன். மொதல்ல கோணலா மாட்டிக்கீறேன்.”

மீதியை அவள் ஒன்று விடாமல் அடித்தாள். ஒரு புள்ளியில் அணியில் இடம் கைநழுவிப் போயிற்று.

பஸ் ஸ்டாப் வந்ததும் ஆன்சி சொன்னாள்.

“கோணல்னு ரெண்டாவது வாரமே தெரியும்ப்பா. தூரத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வச்சி அட்ச்சிகினு இருந்தேன்.”

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னா இன்னா சொல்லுவ? கைதான் ஆடுதும்ப.”

பென்னி யோசித்துப் பார்த்தார். அதையேதான் சொல்லியிருப்பார்.