இருட்டறைக்கு ஒரு வருட கியாரண்டி

புது டிரெய்லர் கைக்கு வந்த எட்டாம் நாள் அதன் சக்கரத்தை ஓங்கி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட, மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். நான் கோலசிலாங்கூரில் குடியிருந்தேன். கிள்ளானில் ஒரு படக்கடையில் பல வருடம் வேலை பார்த்து, முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். தோட்டத்து ஜனங்கள் படம் எடுக்க டவுனுக்கு வருவது பெரிய பாடு. முள்கம்பி வேலி, கேட், ஊரடங்கு, வழியெல்லாம் சோதனை. அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று நினைத்தேன். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு மர அறை. வெளியே படம் எடுத்து, அந்த அறைக்குள் இருட்டில் கழுவி, அன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம். ஜீப் என் மனைவியின் தம்பியுடையது. ஓட்டுவதும் அவன்தான்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் லோரிகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் சீன முதலாளி, தவுக்கே ஒருவர் அறையைச் செய்து கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் எந்தக் கோளாறு வந்தாலும் இலவசமாகச் சரி செய்வதாகத் தாளில் எழுதி, சிவப்பு முத்திரை குத்தினார். வீட்டு வாசலில் வைத்து மூன்று படம் கழுவிப் பார்த்தேன். அருமையாக வந்தன. மூன்றையும் ராத்திரியில் கழுவினேன் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்களை உள்ளே விட்டது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். பகலில் அறைக்குள் கழுவிய அத்தனை படமும் புகை பிடித்துப்போய் வந்தது. பலகை இடுக்குகள் வழியே வெயில் உள்ளே இறங்கி எல்லாவற்றையும் நாசமாக்கியிருந்தது.

முதல் படம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் ஒரு அக்காவுடையது. அவருடைய அடையாள கார்டு மழையில் ஊறி, அதில் இருந்த முகம் அழிந்துவிட்டது. கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. சபாக்கில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை தோட்டத்து ஆபீசுக்கு வரும் அதிகாரியிடம் இரண்டு படம் கொடுத்தால் அங்கேயே தற்காலிகச் சீட்டு கிடைக்கும். அதிகாரி வருவது அடுத்த செவ்வாய், மூன்று மணிக்கு.

அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, என்னைப் புடிக்கச் சொன்னா பேயைப் புடிச்சிருக்கீங்க? இதக் கொண்டுபோய்க் காட்டுனா சுட்டுருவானுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் சக்கரத்தை உதைத்தேன்.

“மேல தார்பாய் போட்டு மூடிருவோமே, மாமா,” என்றான் மனைவியின் தம்பி.

“புது வண்டிக்கு எதுக்குடா தார்பாய்? கியாரண்டி பேப்பரு பல்லு குத்தவா?”

மறுநாள் நேராகப் பட்டறைக்குப் போனோம். “ஒழுகுகிறது,” என்றேன். தவுக்கே பதற்றமே படவில்லை. கூரைமேல் மூன்று வாளி தண்ணீரை ஊற்றினார். உள்ளே போய்த் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, “ஒரு சொட்டு இல்லை, லா. நல்ல வேலை,” என்று மலாயில் சொன்னார்.

“மறுபடியும் உள்ளே போ,” என்றேன். உச்சி வெயில். அவர் போனதும் கதவை வெளியிலிருந்து சாத்திப் பிடித்துக்கொண்டேன். முதலில் திட்டினார். சீன மொழி எனக்குத் தெரியாது. திட்டு என்பது தெரிந்தது. பிறகு சத்தமே இல்லை. கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும்.

“அலாமாக்!” என்று குரல் வந்தது. “உள்ளே இத்தனை நட்சத்திரமா!”

வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். மரம் காய்வதற்கு முன்பே அடித்துவிட்டார். காய்ந்து சுருங்கி இடுக்கு விட்டிருந்தது. அவர் சாக்குச் சொல்லவில்லை. நானும் ராத்திரியில் சோதித்த கதையைச் சொல்லவில்லை.

நாலு நாள் வேலை நடந்தது. இடுக்குகளில் மரத்தூள் குழைத்த மக்கு அடைத்து, உட்புறம் முழுக்கக் கறுப்புக் காகிதத்தை இரண்டு அடுக்காக ஒட்டினார்கள். மிச்சப் பசையை ஒரு பால்டின்னில் போட்டுக் கொடுத்தார் தவுக்கே. “காகிதம் கிளம்பினால் ஒட்டிக்கொள். இதுவும் கியாரண்டிதான்.”

அடுத்த செவ்வாய், தோட்டத்துக் கேட். மலாய்க்காரக் காவலர் டின்னைத் திறந்து முகர்ந்தார்.

“இது என்ன?”

“பசை,” என்றேன்.

“எதில் செய்தது?”

மனைவியின் தம்பிக்கு எப்போதும் உண்மைதான் முந்தும். “அரிசிமாவு, துவான்,” என்றான்.

காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, சீட்டில்லாமல் ஒரு பிடி அரிசியைக்கூட ரோட்டில் கொண்டுபோக விடாத காலம் அது. “அரிசி என்றால் சாப்பாடுதானே?” என்றார் காவலர்.

“தின்னு பாரு, தெரியும்,” என்றேன். மனைவியின் தம்பி என் வீங்கிய காலையே மிதித்தான்.

டின் பறிபோனது. வேறு அரிசி இருக்கிறதா என்று டிரெய்லரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திக் குடைந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். சூட்டில் மக்கு வெடித்து, பசை காய்ந்து, கூரை மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் காகிதம் கிளம்பியிருந்தது. அங்கே கத்தி மாதிரி ஒரு வெளிச்சக் கோடு.

வெளியே அக்கா சலவைச் சேலை கட்டி, தலை வாரி நின்றிருந்தார். மணி பன்னிரண்டரை.

“இன்னிக்கும் ஆவாதுக்கா. காகிதம் கிளம்பிருச்சு. பசையை கேட்டுல புடுங்கிட்டான்.”

“தார்பாய் கொண்டாந்திருக்கலாம்,” என்று மனைவியின் தம்பி வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரப்பர் தோட்டத்துல நின்னுக்கிட்டு ஒட்டுறதுக்கு ஒண்ணும் இல்லேங்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

விறுவிறுவென்று பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனார். ஒரு மங்குக் கோப்பையில் ரப்பர்பாலோடு வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைக் கேட்காமல் டிரெய்லருக்குள் ஏறினார். விரலால் பாலைத் தொட்டுப் பலகையில் தடவினார், காகிதத்தில் தடவினார், கொஞ்சம் உலரவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அவர் ஏறி நின்ற ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு வேலை இல்லை.

“கையை எடுக்கலாமா, தம்பி?”

“எடுங்க.”

காகிதம் அசையவில்லை. கதவைச் சாத்தினேன். என் கை எனக்கே தெரியவில்லை. ரப்பர்பால் நாற்றத்துக்கு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன். ஆனால் அப்படி ஒரு நல்ல இருட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் எல்லாம் ஓட்டம். வெளியே சுவரோரம் அவரை நிற்கவைத்து எடுத்தேன், கழுவினேன், அச்சுப் போட்டேன். சிவப்பு விளக்கடியில் தண்ணீருக்குள்ளிருந்து அவர் முகம் மெல்ல மேலே வந்தது. மூக்குத்தி உட்படத் தெளிவு. ஈரம் காயாத படங்களை நீட்டினேன்.

“இம்புட்டு வயசாயிருச்சா எனக்கு?” என்றார்.

“அதுக்கு கியாரண்டி இல்லக்கா.”

அப்போதுதான் சிரித்தார். படங்களை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டே ஆபீசுக்கு ஓடினார். நாலு மணிக்குச் சீட்டோடு வந்து, அதைத் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டிவிட்டு தொழிலாளர் லயத்துக்குள் போனார்.

அடுத்த செவ்வாய் போனபோது அவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சபாக்கு போயாச்சு என்றார்கள் பக்கத்து வீட்டில். எதைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறவன் நான். பூட்டிய கதவைப் பார்த்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். டிரெய்லர் பக்கம் ஆறேழு பேர் சலவைத் துணியில் காத்திருந்தார்கள். போய் வேலையைப் பார்த்தேன்.